எரிகிறது என்பது சான்றல்ல: பழைய ராணுவ வண்டிகளின் ஹீட்டர்கள் குறித்து ஒரு திறந்த மடல்

பழைய ராணுவ வாகனங்களைப் பேணிக் காக்கும் கழகங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றின் அணிவகுப்புகளையும் முகாம்களையும் நடத்துகிறவர்களுக்கும், அங்கே வண்டிகளைப் பார்வையிட்டுப் புள்ளி வழங்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். எரிபொருளை எரித்து வெப்பம் தரும் பழைய ஹீட்டர்களைக் கழற்றிப் பழுது பார்ப்பதை வெகுகாலமாகச் செய்து வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் பதிவுப் படிவங்களில் பிரேக், விளக்கு, தீயணைப்பான், காப்பீடு என்று எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். ஆனால் மூடிய அறைக்குள் மனிதர்களுக்குப் பக்கத்தில் பெட்ரோலை எரிக்கும் ஒரு கருவியைப் பற்றி, நான் நிரப்பிக் கொடுத்த எந்தப் படிவத்திலும் ஒரு வரி கூட இருந்ததில்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வதே இம்மடலின் நோக்கம். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஹீட்டர்கள் ஏன் வந்தன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கடுங்குளிரில் இன்ஜின் தண்ணீரின் சூடு ஆட்கள் அமரும் அறைக்குப் போதாது. காற்றால் குளிரும் இன்ஜின் என்றால் அந்தத் தண்ணீரே கிடையாது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் வீரர்களுக்கும் கதகதப்பு வேண்டும். ஆகவே வண்டியின் எரிபொருளையே எடுத்துத் தனி எரியறையில் எரிக்கும் கருவிகள் செய்யப்பட்டன. அமெரிக்காவின் ஸ்டூவர்ட்-வார்னர் நிறுவனத்தின் சவுத் விண்ட் வகைகளும், ஜெர்மனியின் எபர்ஸ்பேச்சர், வெபாஸ்டோ வகைகளும் இன்று நம் கைகளில் அதிகம் புழங்குகின்றன. எம்113 கவச வண்டியில் வீரர்கள் அமரும் பகுதியைச் சூடாக்கியதும் இப்படிப்பட்ட ஒரு ஹீட்டர்தான். நல்ல நிலையில் இருக்கும்வரை இவை அருமையான கருவிகள் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இவற்றைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை.

எல்லா வகைகளின் அடிப்படையும் ஒன்றே. உள்ளே ஒரு மெல்லிய எஃகு அறை இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு விசிறி வெளிக்காற்றைத் தள்ள, எரிபொருள் ஆவியாகிக் கலந்து, குளோ பிளக் என்னும் மின்சூட்டுக் கம்பியின் சூட்டில் பற்றி எரிந்து, புகைக் குழாய் வழியாக வண்டிக்கு வெளியே போகிறது. அந்த அறையின் வெளிப்புறத்தைத் தழுவிக்கொண்டு இன்னொரு காற்றோட்டம் ஓடுகிறது. நாம் கையை நீட்டிக் குளிர்காய்வதும், மூச்சாக இழுப்பதும் அந்த இரண்டாவது காற்றைத்தான். நெருப்புக்கும் மூச்சுக்கும் நடுவே நிற்பது ஒரு தகட்டின் கனம் மட்டுமே.

அந்தத் தகடு ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் செந்நிறம் அளவுக்குச் சூடேறி, அணைத்ததும் சுருங்குகிறது. எரிந்த வாயுவில் நீராவி உண்டு. பழைய எரிபொருள்களில் கந்தகமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து குளிர்ந்த அறைக்குள் அமிலமாகப் படிந்து பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்திலோ மடிப்பிலோ மயிரிழையாகத் தொடங்கும். தகடு குளிர்ந்திருக்கும்போது அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. சூடேறும்போதுதான் அது வாயைத் திறக்கும்.

என் சொந்த வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் தட்டிலேயே பற்றிக்கொண்டு, சீராக உறுமிக்கொண்டு, கருப்புப் புகை சிறிதும் இல்லாமல் எரிந்த ஹீட்டர் அது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். இரண்டு நாள் பயணத்தில் எனக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் மந்தமான தலைவலி. குளிரும் தூக்கமின்மையும்தான் காரணம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். வண்டியை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தால் வலி குறைந்தது, ஏறினால் திரும்ப வந்தது. அப்போதும் சந்தேகம் வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தபின் வேறு ஏதோ வேலைக்காக ஹீட்டரைக் கழற்றினேன். இருட்டாக்கிய அறையில் எரியறைக்குள் ஒரு சிறு விளக்கை விட்டுப் பார்த்தபோது, வெப்பமாற்றியின், அதாவது அந்தத் தகட்டு அறையின், வெல்டிங் கோட்டை ஒட்டி, விரல் நகம் அளவு நீளத்தில் மஞ்சளாக ஒரு கீற்று தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் அதே இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் எதையும் காண முடியவில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. நல்ல காற்றுக்கு வந்த பின்னும், ஏறியதில் பாதி இறங்குவதற்கே ஏறத்தாழ நான்கைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று சுவாசித்தது உடம்பில் கூடிக்கொண்டே போகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு, தெளிவில்லாமல் யோசிப்பது என்று தொடங்கி, தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பவும் வழியில்லை. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் என்றே சாதாரண மீட்டர் காட்டும். உங்கள் முதலுதவிக் கூடாரத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கிறதா என்று தயவுசெய்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை மூன்றுதான்: ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை வசதி உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மீட்டரில் எண் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புவது ஆபத்தானது.

இதே குடும்பத்து ஹீட்டர்கள் சிறு விமானங்களிலும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. விமானத் துறை இந்தத் தகட்டை எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறது என்பதை நாம் பின்பற்ற வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 1996இல் ஜானிட்ரால் வகை ஹீட்டர்களுக்குப் பிறப்பித்த உத்தரவின்படி, ஹீட்டர் 100 மணி நேரம் ஓடினாலோ 24 மாதம் கடந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது, எரியறையை அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றி, அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பற்றுகிறதா, சூடு வருகிறதா என்று பார்ப்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. நம் வண்டிகளில் உள்ள ஹீட்டர்களோ அவற்றைவிட மூத்தவை. பல ஆண்டுகள் ஈரக் கொட்டகைகளில் கிடந்தவை. ஆனால் அவற்றுக்கு நாம் வைக்கும் தேர்வு, சுவிட்சைப் போட்டதும் எரிகிறதா என்பது மட்டும்தான்.

விமானங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1985 டிசம்பர் 31 அன்று பாடகர் ரிக்கி நெல்சனும் அவர் குழுவினரும் சென்ற டிசி-3 விமானம் நடுவானில் தீப்பிடித்து டெக்சாஸில் டி கால்ப் என்ற ஊருக்கு அருகே தரையிறங்கியது. விமானிகள் இருவர் தவிர ஏழு பேரும் இறந்தனர். விசாரணை வாரியம் தீயின் தோற்றுவாய் இன்னதென்று உறுதியாகத் தீர்மானிக்கவில்லை என்பதால் ஹீட்டரைக் குற்றவாளியாக்கும் உரிமை எனக்கும் இல்லை. ஆனால் பற்றாமல் அடம்பிடித்த பெட்ரோல் ஹீட்டரை அந்தப் பயணத்தில் மீண்டும் மீண்டும் பற்றவைக்க முயன்றதாகத் துணை விமானி பின்னர் சொன்னார். அந்த ஒரு செய்கையைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. முகாம்களில் குளிரான காலைகளில், திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ‘இன்னொரு தடவை போட்டுப் பார்’ என்று நாம் எல்லோரும் சொல்லும் அதே வாக்கியம்தான் அது.

பற்றாத ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் எரிபொருள் அறைக்குள் போய்த் தேங்குகிறது. அதை வெளியேற்ற ஹீட்டரின் அடியில் ஒரு வடிகுழாய் வைத்திருக்கிறார்கள். குளவி மண்கூடு கட்டுவதற்கு அந்தக் குழாயைப் போல வசதியான இடம் வேறில்லை. வடிகுழாய் அடைபட்டிருக்கும்போது ஐந்தாவது முயற்சியில் குளோ பிளக் ஒருவழியாகச் சூடேறினால், அந்தத் தேங்கிய பெட்ரோல் முழுவதும் ஒரே நொடியில் பற்றும். வெடிச்சத்தத்தோடு புகைக் குழாய் கழன்று விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு முறை பற்றவில்லை என்றால் அன்றைக்கு அதை விட்டுவிட வேண்டும். வடிகுழாயில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்து, அறை உலர்ந்த பின், காரணத்தைத் தேட வேண்டும். காரணம் பெரும்பாலும் பேட்டரியாகவே இருக்கும். 24 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மின்னழுத்தம் சரிந்தால் குளோ பிளக் மங்குகிறது, விசிறியும் தளர்கிறது. விசிறி தளர்ந்தால் காற்று குறைந்து எரிபொருள் மிகுந்த கலவை எரியும், கரியும் கார்பன் மோனாக்சைடும் கூடும். எனவே பலவீனமான பேட்டரியோடு ஹீட்டரை ஓட்டுவது பேட்டரிக்கு மட்டும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம்.

இனி, நல்ல எண்ணத்தோடு நீங்கள் போட்டிருக்கும் ஒரு விதியே ஹீட்டரைக் கெடுக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வண்டி திடலில் நின்றதும் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பது பல முகாம்களில் நடைமுறை. மின்கசிவுத் தீயைத் தவிர்க்க அது நல்ல விதிதான். ஆனால் இந்த ஹீட்டர்களை நிறுத்தும்போது எரிபொருள் மட்டுமே உடனே நிற்கிறது. விசிறி மேலும் சில நிமிடங்கள் ஓடி, மிச்சமுள்ள ஆவியை வெளியே தள்ளி, செஞ்சூடான தகட்டைக் குளிரவைத்த பிறகே தானாக நிற்கும். சில ராணுவ வகைகளில் அதுவரை சுட்டு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். திடலில் நிற்கும் தொண்டர் ‘மெயினை அணையுங்கள்’ என்று அவசரப்படுத்த, ஓட்டுநரும் அணைத்துவிட்டால், சூடு போக வழியில்லாமல் தகடு தன் சூட்டிலேயே வெந்து வளைகிறது. நான் பார்த்த விரிசல்களில் எத்தனை இப்படிப் பிறந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் தகடு வளைந்திருந்த பல ஹீட்டர்களின் உரிமையாளர்கள் இந்தப் பழக்கம் உள்ளவர்கள். விதியில் ‘ஹீட்டர் விசிறி நின்ற பின்’ என்ற சில சொற்களைச் சேர்த்தால் போதும்.

நடுவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். அசல் பாகங்களுக்குப் புள்ளி தருவது உங்கள் உரிமை. ஆனால் அசல் என்பதற்காக மூன்று விஷத்தை நீங்கள் ஊக்குவிக்கிறீர்கள். முதலாவது, புகைக் குழாயில் சுற்றிய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறும், பழைய கேஸ்கெட்டுகளும். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியை நேரே நுரையீரலுக்கு அனுப்புவதாகும். இரண்டாவது, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் எரியறைக்குள் படிந்த சாம்பல். அதையும் ஊதித் துடைக்கிறார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வியப்பானது. இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்புகளில் பித்தளைப் பம்ப் வடிவில் ஒரு சிறு தீயணைப்பான் இருக்கும். அதற்குள் இருப்பது கார்பன் டெட்ராகுளோரைடு. அது மூச்சில் ஏறினாலே கல்லீரலுக்குக் கேடு. செஞ்சூடான உலோகத்தின் மேல் பட்டால் பாஸ்ஜீன் உருவாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாக வீசப்பட்ட அதே வாயு. ஹீட்டர் தீயை அணைக்க மூடிய அறைக்குள் அதைப் பீய்ச்சும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பித்தளை பளபளப்பாக இருக்கட்டும், உள்ளே காலியாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு உலர்தூள் தீயணைப்பான் இருப்பதற்காகப் புள்ளி குறைக்காதீர்கள்.

‘பெட்டி பிரிக்காத ஹீட்டர்’ என்று பெருமையோடு காட்டுகிறவர்கள் பலர். பயன்படுத்தப்படாதது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மெழுகுத் தாளில் சுற்றி மரப்பெட்டிக்குள் கிடந்த இத்தனை ஆண்டுகளிலும் ரப்பர் வயதாகிக்கொண்டுதான் இருந்தது. எரிபொருள் வால்வின் ரப்பர் சவ்வு தோல் போல விறைத்திருக்கும். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரப்பரை உப்பவும் உதிரவும் வைக்கும். வால்வு முழுமையாக மூடாமல் சொட்டுப் போட்டால், அணைத்துவைத்த ஹீட்டருக்குள் இரவெல்லாம் பெட்ரோல் சேரும். புது ஹீட்டர் என்றாலும் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றாமல் பொருத்தக் கூடாது. டீசல் ஹீட்டரில் ‘குளிருக்குக் கொஞ்சம் பெட்ரோல்’ ஊற்றுவோருக்கும் ஒரு சொல். டீசலின் ஆவி பற்றிக்கொள்ள 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், பெட்ரோலுக்கு உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியே போதும். அந்தக் கருவி பெட்ரோலுக்காகச் செய்யப்படவில்லை.

திடலில் வண்டிகள் எப்படி நிற்கின்றன என்பதும் உங்கள் பொறுப்பில் உள்ளதே. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், அங்கே விடப்படும் புகையைத் தார்ப்பாயின் பின் திறப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே புகைக் குழாய் பக்கவாட்டில், தார்ப்பாய் விளிம்பைத் தாண்டி முடிய வேண்டும். நிற்கும் வண்டிகளில் சிக்கல் வேறு. என் புகைக் குழாய்க்கு எதிரே இருப்பது பக்கத்து வண்டியின் தார்ப்பாய், அதற்குள் யாரோ தூங்குகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு ஊர்ந்து வரும். அடுத்த வரிசையில் ஒருவர் ஜெர்ரி கேனிலிருந்து எரிபொருள் ஊற்றிக்கொண்டிருக்க, என் ஹீட்டரின் சூடான குழாய் முழங்கால் உயரத்தில், காய்ந்த புல்லின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. எரிபொருள் நிரப்பும் இடத்தைத் தனியாக ஒதுக்குங்கள், நிற்கும் வரிசைகளில் நிரப்புவதைத் தடுங்கள்.

எச்சரிக்கைக் கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகாம் வண்டிகளுக்கும் படகுகளுக்கும் என்று இஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. அந்தத் தரக் குடும்பத்தின்படி, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு என்றால் 3 நிமிடத்துக்குள்ளும் ஒலிக்க வேண்டும். சென்சாருக்கு ஆயுள் உண்டு, மாற்ற வேண்டிய ஆண்டு பின்பக்கம் அச்சிட்டிருக்கும். வண்டி வாங்கியபோது கூடவே வந்த, காலாவதியான அலாரத்தை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று: அலாரம் இருக்கிறது என்பதற்காக விரிசல் விட்ட ஹீட்டரை ஓட்டுவது நியாயமாகாது.

எனவே நான் கேட்பது இதுதான். பதிவுப் படிவத்தில் ‘எரிபொருள் ஹீட்டர் உண்டா?’ என்று ஒரு கேள்வி. உண்டு என்றால், கடந்த 24 மாதங்களுக்குள் எரியறைக்குக் காற்றழுத்தச் சோதனை செய்ததற்கான, செய்தவர் கையெழுத்திட்ட தாள். இந்தச் சோதனைக்குப் பெரிய பட்டறை தேவையில்லை. ஹீட்டரைக் கழற்றி, புகை வாய், காற்று வாய், வடிகுழாய் ஆகியவற்றை ரப்பர் தக்கைகளால் அடைத்து, ஒரு கைப்பம்பும் அழுத்தமானியும் பொருத்தி, அந்த வகையின் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாக எழும். அனுபவமுள்ள ஒருவர் ஒரு காலைப்பொழுதில் பலவற்றைச் சோதித்துவிடலாம். கழகமே ஒரு சோதனைப் பெட்டி வாங்கி உறுப்பினர்களுக்குச் சுற்றில் விடலாம். தேறாத அறையின் மேல் வெல்டிங் போட்டு ஒட்டுப் போடுவதை ஏற்காதீர்கள். மெல்லிய தகட்டில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும்.

தாள் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. ஹீட்டரை அதன் இடத்திலேயே வைத்திருக்கட்டும். எரிபொருள் குழாயைத் தொட்டியின் பக்கமே கழற்றி மூடியிட்டு, ஃபியூஸை எடுத்துவிட்டு, ‘காட்சிக்கு மட்டும்’ என்று ஒரு சிறு அட்டை கட்டினால் போதும். அப்படிச் செய்கிறவருக்கு நடுவர்கள் ஒரு புள்ளி கூடக் குறைக்கக் கூடாது. குறைத்தால், அடுத்த முகாமுக்கு அவர் அந்த அட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் வருவார். சோதனையில் தேறிய ஹீட்டரானாலும், அதை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்குவதை முற்றிலும் தடை செய்யுங்கள். படுக்கும் முன் அறையைச் சூடாக்கிக்கொண்டு, விசிறி நின்ற பின் போர்வைக்குள் போகலாம். இதில் சிலருக்கு வருத்தம் இருக்கும் என்று அறிவேன்.

என் ஹீட்டரின் அந்த விரிசல் விட்ட அறையை நான் வீசிவிடவில்லை. உங்கள் அடுத்த பொறுப்பாளர் கூட்டத்துக்கு அழைத்தால், அதையும் ஒரு கைவிளக்கையும் சோதனைப் பெட்டியையும் எடுத்து வருகிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளின் ஹீட்டர்களைப் பழுது பார்க்கும் ஒரு கழக உறுப்பினர்